போடியிலிருந்து ஏறி வந்த வேப்பிலை

வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்துவிட்டு, அபியை முதல் தடவையாக வீட்டுக்குக் கூட்டி வந்த சாயந்தரம் அது. எங்கள் தேயிலை மலை ஊரான சின்னக்கானலில் மழை தூறிக்கொண்டிருந்தது. பால் வாங்கக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், எங்கள் வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. ரப்பர் செருப்புகள், கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் சேறு அப்பிய பூட்ஸுகள், யாரோ பெரியவரின் தேய்ந்த தோல் செருப்பு. எங்கள் வரிசை வீடுகள், லயம் மொத்தமும் உள்ளே இருந்தது.

அபிக்கு அப்போது ஏழு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளுக்கு ரத்தத்தில் கேன்சர் என்று டாக்டர் சொன்ன நாளைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதை இன்னொரு தடவை எழுதத் தெம்பில்லை. இந்த வாரம் அந்தச் செருப்புகளைப் பற்றித்தான்.

உள்ளே பேச்சியம்மா மதினி அபியை மடியில் வைத்திருந்தார். என் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி. அண்ணன் தவறிப் பல வருஷமாகிறது. மதினிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

“என்னப் பெத்த ராசாத்தி, இப்பிடி எலும்பும் தோலுமா ஆயிட்டியே” என்று அவளுடைய மொட்டைத் தலையில் முத்தம் கொடுத்தார். ஒருவர் திருநீறு பூசினார். ஒருவர் ஆரஞ்சுச் சுளையை உரித்து வாயில் ஊட்டினார். கதவோரம் நின்ற யாரோ லொக்கு லொக்கென்று இருமினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸ் சொல்லி அனுப்பியதற்கு நேர் எதிராக எல்லாம் நடந்துகொண்டிருந்தது. மருந்து கெட்ட அணுக்களைக் கொல்லும்போது, நோயை எதிர்க்கிற நல்ல அணுக்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். அந்தச் சமயத்தில் நமக்கெல்லாம் ரெண்டு நாளில் போகிற சளி, அவளுக்கு உயிருக்கே ஆபத்து. “ஆரெயும் அகத்து கேற்றண்டா, கேட்டோ” என்று அந்த நர்ஸ் மலையாளத்தில் அழுத்திச் சொல்லியிருந்தார். யாரையும் வீட்டுக்குள் விடாதே என்று அர்த்தம். நான் தலையாட்டியிருந்தேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

என் மனைவி செல்வி கூட்டத்துக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தாள். சொல்லுங்க என்கிற பார்வை. நான் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்போரம் நின்றேன்.

“எல்லாருக்கும் டீ போடட்டா?” என்று கேட்டேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அந்த வாரம் முடியுமுன்னே அபிக்குக் காய்ச்சல் வந்தது. மறுபடியும் திருவனந்தபுரம். இந்தத் தடவை பெரிய டாக்டரே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இவளுக்கு இன்னும் பல மாதம் மருந்து ஏற வேண்டும், ஒவ்வொரு தடவையும் எதிர்ப்புச் சக்தி இப்படித்தான் விழும், இன்னொரு காய்ச்சலைத் தாங்குவாளா என்று என்னால் சொல்ல முடியாது என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் என்னைப் பார்த்தார். “அச்சன் வாய் திறந்து பறயணம்” என்றார். அப்பன்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

காபி நல்லாருக்கு

வாயைத் திறப்பது அவ்வளவு பெரிய காரியமா என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் லயத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். இந்தப் பக்கம் தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கம் “நூறு வயசு” என்று சத்தம் கேட்கும். கதவைத் தட்டுகிற வழக்கம் கிடையாது. செருப்பைக் கழற்றினால் உள்ளே வந்த மாதிரிதான். ஒரு வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் மற்ற வீடுகள் வந்து பார்த்தே ஆக வேண்டும். வராவிட்டால் “எட்டிக்கூடப் பாக்கல” என்கிற பேச்சு அடுத்த தலைமுறை வரைக்கும் போகும். அப்படி வருகிறவர்களை வராதே என்று சொன்னால் உறவை வெட்டிவிட்டதாகத்தான் அர்த்தம்.

என் சுபாவமும் அதற்கு ஏற்ற மாதிரி அமைந்துவிட்டது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். டீ ஃபேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. அங்கே பெரிய மின்விசிறிகள் ஓயாமல் ஓடும், யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, “பொண்ணு பிடிச்சிருக்கா மாப்ள?” என்று மாமனார் கேட்டார். “காபி நல்லாருக்கு” என்று சொன்னேன். செல்வி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அந்த ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டிலில் சித்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மகனோடு இருந்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர்ப் பேச்சு பேசுகிற ஊர். பையனுக்கும் அபிக்கு வந்த அதே நோய். ஒரு நாள் அவருக்கு ஊரிலிருந்து போன் வந்தது.

“ஏனுங்க மாமா, வரோணும்னு நீங்க நெனச்சதே போதுமுங்க. இப்ப வந்தீங்கன்னா பையனுக்குத்தானுங்க கஷ்டம். நல்லானதும் நானே கூப்புடறனுங்க. ஊட்ல எல்லாருமா வந்து பத்து நாள் இருந்துட்டுப் போங்க” என்றார். போனை வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி பையனுக்குக் கஞ்சி ஊட்ட ஆரம்பித்தார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “எப்பிடிண்ணே சொன்னீங்க?” என்று நானாகவே கேட்டேன். நானாக ஒருத்தரிடம் பேச்சுக் கொடுத்தது அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் முதல்.

“அதுல என்னங்க இருக்குது. பல்லக் கடிச்சுட்டுச் சொல்லீரோணுமுங்க. மொத ஆளுகிட்டத்தான் கஷ்டம். அப்புறம் தண்ணியாட்டம் வந்துரும்.”

குளியலறைக்குப் போய் அவர் சொன்னதையே ரெண்டு மூணு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் வாயில் பணிவாக இருந்த வார்த்தை என் வாயில் இரவல் சட்டை மாதிரி தொளதொளவென்று இருந்தது. வெளியே வந்தபோது என் பின்னால் வரிசையில் நின்றவர், “யாரோட சண்டை?” என்று கேட்டார்.

எங்கள் குளிரில் வேம்பு வளராது

திரும்பி வருகிற பஸ்ஸில் அபி செல்வியின் மடியில் தூங்கிவிட்டாள். நான் சன்னலோரம் உட்கார்ந்து மதினியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு வாசகம் தயார் செய்வேன், அடுத்த வளைவில் அது மறந்துவிடும்.

அடிமாலி தாண்டி குளிர் காற்று முகத்தில் அடித்தபோதுதான் அது ஞாபகம் வந்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கும் தம்பிக்கும் ஒரே சமயத்தில் அம்மை போட்டது. எங்கள் ஆட்கள் அம்மை என்று சொல்ல மாட்டார்கள், அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். மாரியம்மனே வீட்டுக்கு வந்து தங்கியிருப்பதாக நம்பிக்கை. அப்பா கதவில் ஒரு கொத்து வேப்பிலையைக் கட்டினார். அவ்வளவுதான். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. லயம் தானாக அடங்கிவிட்டது. குளிக்காமல் ஒருத்தரும் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர்கள் சுற்றி வளைத்துக் கீழ்ப் பாதையில் போனார்கள். தினமும் குடித்துவிட்டுப் பாடுகிற கடைசி வீட்டுச் சித்தப்பாகூட அந்த நாட்களில் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார்.

அந்த வேப்பிலையும் எங்கள் ஊரில் கிடைக்காது. எங்கள் குளிருக்கு வேம்பு வராது. எஸ்டேட் மாரியம்மன் கோயில் முன்னால் யாரோ ஒரு கன்று வைத்தார்கள். நான் பார்க்க அது முழங்கால் உயரத்துக்கு மேல் வளரவில்லை. பூசாரி அதற்கு ஒரு பழைய கம்பளியைக்கூடச் சுற்றிப் பார்த்தார். வேப்பிலை வேண்டுமென்றால் போடிமெட்டு வளைவுகளில் இறங்கி, வெயில் அடிக்கிற போடியிலிருந்துதான் கொண்டு வர வேண்டும்.

ஜீப் ஓட்டும் சுந்தரம் எனக்கு மச்சான் முறை. தினமும் போடிக்கு இறங்கி, ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றி வருவான். பஸ் இறங்கின இடத்தில் அவனைப் பார்த்தேன்.

“மாப்ள, நாளைக்கு வரும்போது ரெண்டு கொத்து வேப்பிலை ஒடிச்சுட்டு வா.”

“ஏன், யாருக்கு அம்மா வந்திருக்கா?”

நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டேன். அவன் செல்வியின் தோளில் தூங்கின அபியைப் பார்த்தான். தன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “நாளைக்கு வேணாம், இன்னைக்கே எறங்குறேன்” என்றான்.

தாளிப்பு நின்றது

மறுநாள் விடிந்ததும் வேப்பிலையைக் கதவுக்கு வெளியே, நிலைக்கு மேலே கட்டினேன். செல்வி பின்னால் நின்று பார்த்தாள்.

“வாயில சொல்ல வேண்டியத வாசல்ல கட்டுதீகளா?” என்றாள். திட்டுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

நர்ஸிடம் போனில் கேட்டுக்கொண்டாள். வேப்பிலை வெளியே தொங்கட்டும், உள்ளே எந்த இலையும் வேண்டாம் என்று அவர் சொன்னாராம்.

அன்று சாயந்தரம் வேலை முடிந்து பெண்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். ஒவ்வொருவராக எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் நின்றார்கள். வேப்பிலையைப் பார்த்தார்கள். தலையில் போட்டிருந்த துணியை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு செருப்பும் எங்கள் வாசலில் கழற்றப்படவில்லை.

அதைவிட நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அம்மா வந்திருக்கிற வீட்டுப் பக்கம் யாரும் எண்ணெயைக் காய வைத்துத் தாளிக்கக் கூடாது. பொரிக்கக் கூடாது. கவிச்சி சமைக்கக் கூடாது. வரிசை வீடு என்பதால் லயம் முழுவதும் தாளிப்பை நிறுத்திவிட்டார்கள். மருந்து ஏறி வந்த நாளிலிருந்து அபிக்கு எண்ணெய் வாசனை பட்டாலே குமட்டும். மதினி வீட்டில் கருவாடு வறுத்தால் இவள் இங்கே பச்சைத் தண்ணீரைக்கூட வாந்தி எடுப்பாள். சுவருக்கு மேலே கூரை வரைக்கும் திறந்த இடம், வாசனையை எப்படி அடைப்பது?

அன்று ராத்திரி எந்த வீட்டிலும் கடுகு வெடிக்கவில்லை. அபி ஒரு கிண்ணம் ரசச் சோறு முழுசாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துவிட்டு, “இன்னுங் கொஞ்சம்” என்றாள். செல்வி எழுந்து போய்ச் சட்டியைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஷா சேச்சியின் மாஸ்க்

ஆனால் வேப்பிலைக்கு ஒரு அர்த்தம்தானே உண்டு. அந்த அர்த்தம் நடக்க ஆரம்பித்துவிட்டது.

பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் பிள்ளைக் காம்பராவுக்கு யாரும் குழந்தைகளை அனுப்பவில்லை. ஆயா கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். லயத்தில் அம்மை பரவுகிறது என்று செய்தி மேலே போய்விட்டது. நாலைந்து நாளில் சுகாதாரத் துறைக்காக வீடு வீடாக வரும் ஆஷா சேச்சி, மாஸ்க் போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தார். அவர் மலையாளி, ஆனால் எங்களோடு பழகித் தமிழும் கலந்து பேசுவார்.

அவர் வாசலுக்கு வந்த அதே நேரத்தில் பேச்சியம்மா மதினியும் வந்து சேர்ந்தார். குளித்து, மஞ்சள் பூசி, ஈரச் சேலையோடு. கையில் ஒரு தட்டு. தட்டு நிறைய வேப்பிலை, மஞ்சள், ஒரு செம்பில் கூழ்.

“தம்பி, பிள்ளைய வெறும் பாயில படுக்கப் போடலாமா? இந்த எலைய விரிச்சு அதுல போடு. நான் குளிச்சு சுத்தமாத்தான் வந்திருக்கேன். பெறகு இன்னொண்ணு, அம்மா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரி மாத்திரையெல்லாம் குடுக்கக் கூடாது. ஆத்தா கோவிச்சுக்கிடுவா. தூக்கி மேல வச்சிரு.”

“எத்ர குட்டிகளுக்கு அம்மை?” என்று ஆஷா சேச்சி நோட்டை எடுத்தார். “நீங்க எந்தா ஆஸ்பத்திரியில் சொல்லாத்தது?” எத்தனை பிள்ளைகளுக்கு, ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்.

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் மாத்திரையை நிறுத்தச் சொல்கிற மதினி. மறு பக்கம் அம்மையைத் தேடுகிற சேச்சி. சத்தம் கேட்டு மற்ற வீட்டுக் கதவுகளும் திறந்தன. இப்போது சொல்லவில்லை என்றால் மதினி உள்ளே வந்துவிடுவார். சித்தூர்க்காரர் சொன்ன மாதிரி பல்லைக் கடித்தேன். கடித்த பல்லைத் திறக்கத்தான் வரவில்லை.

பக்கத்துச் சன்னலிலிருந்து குரல் வந்தது.

“பெரியம்மா, எனக்கு அம்மை இல்ல.”

அபி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தாள். மூக்குக்கு மேல் கண்ணும் மொட்டைத் தலையும் மட்டும் தெரிந்தது.

“எனக்கு ரத்தத்துல கேன்சர். நர்ஸ் அக்கா சொல்லுச்சு. அது யாருக்கும் ஒட்டாது. ஒங்க சளிதான் எனக்கு ஒட்டும். மாத்திரைய மேல வச்சிராதீக, அது கசக்கும், ஆனா அதுதான் எனக்கு வேணும்.”

அந்த வார்த்தையை எங்கள் லயத்தில் அதுவரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. ‘அந்த நோவு’ என்பார்கள். பெரிய சீக்கு என்பார்கள். ஏழு வயதுப் பிள்ளை ஸ்டூலில் நின்று வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டது.

பிறகுதான் எனக்கு வாய் வந்தது. “ஆமா மதினி. யாரும் உள்ள வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல. அதான் இதக் கட்டுனேன்.”

மதினி தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தட்டோடு திரும்பித் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு பகலில் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

ஆஷா சேச்சி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். “இந்தக் குட்டிக்கு நிஜமா அம்மை ஒட்டினால் வல்லிய ஆபத்து. நீங்க கெட்டினது நல்ல காரியம்தான்” என்று மெதுவாகச் சொன்னார். “பக்ஷே மனுஷரோட பறயணம், சேட்டா.” ஆனாலும் மனுஷரிடம் வாயால் சொல்ல வேண்டும், அண்ணா என்று அர்த்தம்.

காய்ந்த இலை

உறவு அறுந்தது என்றே நினைத்தேன். அந்த ரெண்டு மூணு நாள் மதினி வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வேப்பிலை கருகிச் சுருண்டு ஒவ்வொன்றாக வாசலில் விழுந்தது. அவிழ்த்துவிடலாமா என்று செல்வியிடம் கேட்டேன். “அவுத்தா திரும்பவும் வருவாக. அவுக்காட்டி கேலி பேசுவாக. நீங்களே பாத்துக்கோங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுந்தரத்தின் ஜீப் எங்கள் லயத்துக்குக் கீழே ஹாரன் அடித்தது. ஒரு பெரிய கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தான். பச்சைப் பசேலென்று வேப்பங்கிளை, பூகூட இருந்தது.

“நான் கேக்கலையே மாப்ள” என்றேன்.

“நீ கேக்கல. பேச்சியம்மா அக்காதான் சொல்லி விட்டாக. பழைய எலை காஞ்சு போச்சாம்.”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதினியின் குரல் கேட்டது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தம்.

“அம்மையோ கேன்சரோ, வேப்பிலை தொங்குற வீட்டுக்குள்ள யாரும் நொழையக் கூடாது. இதச் சொல்ல இவனுக்கு வாய் இல்லையாம்! நாங்க என்ன மனுசங்களா, மாடுகளா? சொன்னா வெளங்காதா? சுந்தரம், நல்லா நெருக்கிக் கட்டு. காத்துல விழுந்துறப் போகுது.”

அதன்பிறகு வாரா வாரம் கிளை வந்தது. மழையில் போடிமெட்டுச் சாலை சரிந்து கிடந்த வாரம் மட்டும் வரவில்லை. அந்த வாரம் மதினி காய்ந்த கொத்தின் மேல் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றினார்.

ஒரு ஒழுங்கு தானாக உருவானது. நாங்கள் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிற வாரத்தில் லயத்தில் தாளிப்பு கிடையாது. கருவாடு கிடையாது. கடைசி வீட்டு மாடசாமி, “ஏ மதினி, நாக்கு செத்துப் போச்சு. இந்த வாரமும் ஆத்தாளுக்கு அவிச்ச சோறுதானா?” என்று முற்றத்தில் நின்று புலம்புவான். “வேணும்னா டவுனுக்குப் போயி வாங்கித் தின்னுட்டு வா. வந்ததும் வாயக் கொப்புளி” என்று மதினி பதில் சொல்வார். சளி பிடித்தவர்கள் கீழ்ப் பாதையில் போனார்கள். ஃபேக்டரியில் என் ஷிப்டை யாராவது ஒருவர் மாற்றி எடுத்துக்கொண்டார்கள். நான் கேட்பதற்கு முன்னாலேயே மாற்றிவிட்டு, கண்ணால் சைகை காட்டுவார்கள். அந்த இரைச்சலில் அது போதும்.

எங்கள் வாசலுக்கு எதிரே மழைத் தண்ணீர் ஓடுகிற ஓடை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு தட்டைக் கல். வேலை முடிந்து வருகிற பெண்கள் அங்கே உட்கார்ந்து, சன்னலில் நிற்கிற அபியோடு பேச ஆரம்பித்தார்கள். இன்றைக்குக் கொழுந்துக் காட்டில் என்ன பாம்பு, கங்காணி யாரைத் திட்டினார், யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, எல்லாம் ஓடைக்கு மேலே சத்தமாகப் போகும். ரகசியம்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் அந்த வருஷம் எங்கள் லயத்தில் ரகசியமே இல்லாமல் போய்விட்டது.

செல்வியின் அண்ணன் தேனியிலிருந்து ஒரு பை பழத்தோடு வந்தபோது மதினி ஓடைப் பக்கமே நிறுத்திவிட்டார்.

“எந் தங்கச்சி வீட்டுக்குப் போக நீங்க யாரு தடுக்க?” என்றார் மச்சான்.

“இருமிக்கிட்டே வாரியே, நீ யாரு?” என்றார் மதினி. பழப் பையை வாங்கிக்கொண்டார். ஆளைக் கல்லில் உட்கார வைத்தார். டீயை அங்கேயே கொடுத்தார்.

மாரியம்மன் கோயில் திருவிழாவில் கரகம் வீடு வீடாக வரும். எங்கள் வீட்டுக்கு வரும்போது மேளக்காரர்கள் வளைவிலேயே கொட்டடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பூசாரி ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் வேப்பிலையைப் பார்த்தார். “அம்மா ஏற்கெனவே உள்ளதானே இருக்கா. நான் எதுக்குத் தனியாக் கூட்டிட்டு வரணும்?” என்று சொல்லி, கரகத்தை ஒரு தடவை சன்னல் பக்கம் தாழ்த்திக் காட்டிவிட்டுப் போனார். அபி கம்பிக்குள்ளிருந்து கும்பிட்டாள்.

இடையில் கஷ்டமான நாட்களும் இருந்தன. அவளுடைய வாய் முழுக்கப் புண் வந்து பத்து வார்த்தை பேசாத வாரங்கள். இன்னொரு தடவை காய்ச்சல் வந்து, விடியற்காலையில் சுந்தரம் ஜீப்பில் எங்களை ஏற்றிக்கொண்டு இறங்கியது. அந்தக் காய்ச்சலை அவள் தாங்கிவிட்டாள். நேரத்தோடு கொண்டு வந்தீர்கள் என்றார் டாக்டர். சித்தூர்க்காரரிடமிருந்து போன் வரும். பையன் தேறி வருகிறானாம். வேப்பிலைக் கதையைச் சொன்னேன். “ஏனுங்க, எங்கூர்ல ஊட்டுக்கு ஊடு வேப்ப மரம் நிக்குதுங்க. எனக்கு இது தோணுலீங்களே! நாம் பாருங்க, போன்லயே தொண்டத் தண்ணி வத்தப் பேசீட்டு இருக்கறன்” என்று சிரித்தார்.

உள்ள வாங்க

அடுத்த கோடையில் ஒரு நாள், டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கடுமையான மருந்துகள் முடிந்தன, இனி வீட்டிலேயே மாத்திரை, அது இன்னும் நீண்ட நாள் உண்டு, மாதா மாதம் வர வேண்டும் என்றார். பிறகு, “ஸ்கூலில் போகாம். ஆளுகள் வரட்டெ” என்றார். பள்ளிக்கூடம் போகலாம். ஆட்கள் வரட்டும்.

ஊருக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மதினி முறைப்படிதான் எல்லாம் நடக்க வேண்டும் என்று நின்றார். அம்மா இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், பிறகுதான் வேப்பிலையை அவிழ்க்க வேண்டும். அம்மையே இல்லையே என்று செல்வி சொல்லிப் பார்த்தாள். “ஒரு வருசம் தொங்கியிருக்குல்லா? அதுக்கு ஒரு மரியாத வேண்டாமா?” என்றார் மதினி.

கொதித்து ஆறிய தண்ணீரில் செல்வி அபிக்குத் தலைக்கு ஊற்றினாள். தலையில் புது முடி விரற்கடை அளவு முளைத்திருந்தது. முன்பு நேராக இருந்த முடி இப்போது சுருட்டை. நான் வேப்பிலையை அவிழ்த்தேன். கதவு நிலையில் கயிறு உராய்ந்து ஒரு வெள்ளைத் தடம் விழுந்திருந்தது.

அன்று சாயந்தரம் பெண்கள் வேலை முடிந்து வந்தார்கள். எங்கள் கதவு அகலத் திறந்து கிடந்தது. அபி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் வழக்கம்போல ஓடைக்கு அந்தப் பக்கம் கல்லில் உட்கார்ந்தார்கள். சிலர் நின்றார்கள். மதினி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். ஒருவரும் ஓடையைத் தாண்டவில்லை. ஒரு வருஷப் பழக்கம் கால்களில் ஏறிவிட்டது.

செல்வி என்னைப் பார்த்தாள். அதே பழைய பார்வை.

நான் அடுப்போரத்திலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தேன். முதல் ஆளிடம்தான் கஷ்டம் என்று சித்தூர்க்காரர் சொன்னாரே, என் முதல் ஆள் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“மதினி” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக, பெரிதாகக் கேட்டது. “எதுக்கு அங்கயே நிக்கீக? உள்ள வாங்க. எல்லாரும் வாங்க.”

மதினி சுருட்டியிருந்த முந்தானையை விட்டார். “ஏட்டி, இவன் பேசுதாண்டி!” என்றார் பக்கத்தில் நின்றவளிடம். பிறகு ஓடையைத் தாண்டினார். பின்னால் மற்றவர்களும்.

யாரும் சொல்லாமலே வாசலில் வாளியில் இருந்த தண்ணீரில் கை கழுவினார்கள். வீடு நிறைந்துவிட்டது. சன்னலுக்கும் ஓடைக்கும் நடுவில் கத்திக் கத்திப் பழகியவர்கள், இப்போதும் கத்தியே பேசினார்கள். அடுப்பில் டீ கொதித்தது. மாடசாமி வாசலில் இருந்தே, “அப்ப இன்னைக்குக் கருவாடு வறுக்கலாமா?” என்று கேட்டான். “எனக்கும்!” என்று அபி கத்தினாள். மதினி அபியின் தலையைத் தடவப் போய், தயங்கி, கையை முந்தானையில் ஒரு தடவை துடைத்துவிட்டுப் பிறகு தடவினார்.

நான் வெளியே வந்தேன். வாசலில் மறுபடியும் செருப்புகள். ரப்பர் செருப்புகள், சேறு அப்பிய பூட்ஸுகள். மழை வரும் போலிருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கூரைக்குக் கீழே அடுக்கினேன்.

அபி ஓடி வந்தாள். விளையாடப் போக வேண்டும். ஆணியில் மாட்டியிருந்த தன் பழைய செருப்பை எடுத்துக் காலை நுழைத்தாள். குதிகால் வெளியே நின்றது. ஒரு வருஷத்தில் கால் வளர்ந்துவிட்டது. இப்படி அப்படிப் பார்த்தாள். நான் அடுக்கி வைத்திருந்ததில் பேச்சியம்மா மதினியின் பெரிய செருப்புகளை இழுத்து மாட்டிக்கொண்டு, டப் டப்பென்று ஓடையைத் தாண்டிப் போய்விட்டாள்.

விளக்கேற்றும் நேரத்தில் மதினி வெளியே வந்து தேடினார். “எஞ்செருப்ப எவ போட்டுட்டுப் போனா?”

தேயிலைக் காட்டுச் சரிவில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. மதினி அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சேலையை லேசாகத் தூக்கிக்கொண்டு, ஈர மண்ணில் வெறுங்காலோடு தன் வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது.